பார்சிலோனாவில் கிறிஸ்துமஸ்: 8 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். மகள் பார்சிலோனாவில் முதுநிலை படிக்கிறாள். படிப்புக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. "இங்கே கிறிஸ்துமஸ் பிரமாதமாக இருக்கும், மூன்று பேரும் வாங்க" என்கிறாள். நானும் கணவரும் 13 வயது மகனும் போக ஆசைப்படுகிறோம். டிராவல் ஏஜென்ட் ஒருவர் டிசம்பர் 19 முதல் 27 வரை, ஆளுக்கு 2,65,000 ரூபாய் என்று பேக்கேஜ் சொல்கிறார். சேமிப்புக் கணக்கில் 3,50,000 இருக்கிறது. 6 லட்சம் எஃப்டி பிப்ரவரியில் முதிர்கிறது. வங்கியில் 13 சதவீத வட்டிக்கு 8 லட்சம் தனிநபர் கடன் தருவதாகப் போன் மேல் போன். வாங்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா? கடையைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்வார். ஆனால் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாலாவது திரும்பிவிட வேண்டும். இன்னொன்று: அங்கே கிறிஸ்துமஸ் லாட்டரி மிகப் பெரியதாமே, நாங்களும் ஒரு சீட்டு வாங்கலாமா?

பதில்: அம்மா, தனிநபர் கடன் வேண்டாம். எஃப்டியையும் உடைக்க வேண்டாம். ஆனால் போகலாம். ஏஜென்ட் சொன்ன தேதியில் மட்டும் போகாதீர்கள்.

முதலில் கடன் கணக்கு. 8 லட்சம், 13 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை மாதம் சுமார் 26,950 ரூபாய். வட்டி மட்டுமே 1,70,000 வரும். அதாவது எட்டு நாள் சுற்றுலாவுக்கு மூன்று வருஷம் தவணை. போதாததற்கு, விசாவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட் காட்டும்போது, திடீரென்று ஒரே நாளில் 8 லட்சம் வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

இப்போது தேதி. என் பதிலில் பாதி இதுதான். பார்சிலோனாவில் பண்டிகை 25-ம் தேதியோடு முடிவதில்லை. குழந்தைகளுக்கு அங்கே பெரிய நாள் ஜனவரி 5 இரவும் 6-ம் தேதியும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். பரிசு கொண்டு வருவது வழக்கமாக அந்த ராஜாக்கள்தான். சாண்டா கிளாஸ் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவர். ஏஜென்டின் பேக்கேஜோ 27-ல் முடிகிறது. அதிலும் 25, 26 இரண்டு நாளும் பார்சிலோனா இருக்கிற கத்தலோனியா மாநிலத்தில் விடுமுறை. கடைகளும் பல அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். இருப்பதிலேயே விலை ஏறிய வாரத்தில் போய், அதில் இரண்டு நாள் மூடிய கதவைப் பார்த்துவிட்டு, நிஜமான திருவிழாவுக்கு முன்பே விமானம் ஏறச் சொல்கிறார்.

டிசம்பர் 23 காலை போய்ச் சேருங்கள். ஜனவரி 6 இரவு கிளம்புங்கள். 14 ராத்திரி. 7 அல்லது 8-ம் தேதி கடையில் இருப்பீர்கள், பொங்கல் சரக்கு விற்கச் சரியாக இருக்கும். சரக்கைப் போவதற்கு முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். எட்டாவது படிக்கிற பையன் நான்கு நாள் லீவு போட்டால் ஒன்றும் ஆகாது.

அந்த 14 நாளில் காசு எங்கே போகும், எங்கே போகாது என்று சொல்கிறேன். நான் ஒரு முறை அந்த வாரங்களில் அங்கே இருந்திருக்கிறேன். நல்லது எல்லாமே தெருவில்தான் நடந்தது, பெரும்பாலும் இலவசமாக.

23-ம் தேதி மூட்டையை இறக்கியதும் கதீட்ரல் வாசலுக்குப் போங்கள். சாந்தா லூசியா சந்தைக்கு அது கடைசி நாள். 1786-லிருந்து நடக்கிற சந்தை. ஒரு வரிசையில் பச்சைப் பாசியைக் கட்டுக் கட்டாக வைத்து விற்பார்கள், பக்கத்தில் தக்கை மரப் பட்டை. குடில் வைப்பதற்கு மலையும் புல்லும் அதில்தான் செய்கிறார்கள். நம் வீட்டுக் கொலு மாதிரி வருஷத்துக்கு ஒரு பொம்மை சேர்க்கிற வழக்கமும் உண்டு. பொம்மைகளை உற்றுப் பாருங்கள். மாட்டுத் தொழுவம், தேவதூதர், ஆட்டிடையர், இவர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு மூலையில் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் கால்சட்டையை இறக்கிக் குந்தி உட்கார்ந்து வெளிக்குப் போய்க்கொண்டிருப்பான். காகனேர் என்று பெயர். நிலத்துக்கு உரம் போடுகிறவன், அதனால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். அரசியல்வாதி, கால்பந்து வீரர் முகத்தோடும் விற்பார்கள், அவை விலை கூட. சாதாரணத் தொப்பிக்காரன் சில யூரோதான். உங்கள் பையன் கட்டாயம் ஒன்று கேட்பான், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

24-ம் தேதி ராத்திரி வீடுகளில் தியோ. கண், மூக்கு, சிவப்புத் தொப்பி வைத்த ஒரு மரக்கட்டை. டிசம்பர் 8 வாக்கிலிருந்து அதற்குப் போர்வை போர்த்தி, ஆரஞ்சுத் தோல், ரொட்டி என்று 'சாப்பாடு' வைப்பார்கள். 24 ராத்திரி குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டே அதைக் குச்சியால் அடிப்பார்கள். போர்வையைத் தூக்கினால் கீழே மிட்டாயும் துரோனும். துரோன் என்பது பாதாமும் தேனும் சேர்ந்த மிட்டாய், நம் கடலை மிட்டாய்க்குப் பணக்காரச் சொந்தக்காரன். மகளின் வகுப்புத் தோழி யாராவது வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். அப்புறம் நள்ளிரவுத் திருப்பலி. அதற்கு அங்கே 'சேவல் பூசை' என்று பேர்.

25 காலை பழைய துறைமுகத்தில் ஒரு நீச்சல் போட்டி. நூறு ஆண்டுகளுக்கு மேல் நடக்கிறது. டிசம்பர் குளிரில் சுமார் 200 மீட்டர் நீந்துவார்கள். நாம் ஸ்வெட்டரோடு கரையில் நின்று பார்க்கலாம். அன்று மதியம் எல்லா வீட்டிலும் இறைச்சிக் குழம்பு, சங்கு மாதிரியான பெரிய பாஸ்தா போட்டு. மிஞ்சிய இறைச்சியை அரைத்து மறுநாள், புனித ஸ்தேவான் திருநாளுக்கு, கனெலோனி என்கிற பாஸ்தாக் குழல்களில் அடைத்துவிடுவார்கள். பழையதை வீணாக்காத அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டல்களிலோ அந்த இரண்டு நாளும் 'பண்டிகை மெனு' என்று தனி விலை. ஆகவே 25, 26, ஜனவரி 1, 6 நான்கு நாளும் வீட்டில் சமையல் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ராவல் பகுதியில் பாகிஸ்தானி, வங்கதேசிக் கடைகள் நிறைய. அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும்.

31-ம் தேதி மோன்ஜுயிக் மலையடிவாரத்தில் மரியா கிறிஸ்தினா சாலையில் வாணவேடிக்கை, இலவசம். நள்ளிரவு மணி 12 முறை அடிக்க, அடிக்கு ஒரு திராட்சை வாயில் போட வேண்டும். தோலுரித்த 12 திராட்சையை எண்ணிச் சின்ன டின்னில் அடைத்தே விற்கிறார்கள். நான் ஏழாவது மணியில் தோற்றேன். 'புத்தாண்டு விருந்து' என்று டிக்கெட் விற்கிற ஓட்டல் பக்கம் போகவே போகாதீர்கள். அன்று ராத்திரி மெட்ரோ விடிய விடிய ஓடும், டாக்சியும் தேவையில்லை.

ஜனவரி 5 மாலை ராஜாக்கள் கடல் வழியாக வருகிறார்கள். 1918-ல் கட்டிய சாந்தா எவுலாலியா என்ற பாய்மரக் கப்பலில் துறைமுகத்தில் வந்து இறங்க, மேயர் நகரத்துச் சாவியைக் கொடுப்பார். அந்த ஒரு ராத்திரி எல்லா வீட்டுக் கதவையும் திறக்கிற மாயச் சாவி. பிறகு ஊர்வலம், வண்டிகளிலிருந்து மிட்டாய் மழை. குழந்தைகள் பார்க்க வீட்டிலிருந்தே மடக்கு ஏணி தூக்கி வருவார்கள், அந்த ஏணிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் முன்னால் போய் இடம் பிடியுங்கள். பர்ஸை உள் பையில் வையுங்கள். அந்த ஊர் பிக்பாக்கெட்காரர்களுக்கும் அதுதான் சீசன்.

6-ம் தேதி காலை தோர்தெல் என்கிற வளையக் கேக். உள்ளே ஒரு குட்டி ராஜா பொம்மையும் ஒரு காய்ந்த அவரைக்கொட்டையும் ஒளித்திருக்கும். ராஜா கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். அவரைக்கொட்டை கிடைத்தவர் கேக்குக்குக் காசு கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று, சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தின் உள்ளே. டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். பண்டிகை நாட்களில் நேரம் குறைவு. மாதா கோபுரத்து உச்சியில் 2021-ல் வைத்த கண்ணாடி நட்சத்திரம் இரவில் எரியும், அதைத் தெருவில் நின்றே பார்க்கலாம். புனித ஸ்தேவான் நாளன்று பலாவ் தெ லா மூசிக்கா அரங்கில் ஒரு கச்சேரி, 1913-லிருந்து நடப்பது. சீட்டு கிடைத்தால் பாக்கியம், கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம்.

சரி, பட்ஜெட். யூரோவை 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விமான டிக்கெட் ஆளுக்கு 85,000 என்றால் 2,55,000. இதற்கு மேல் சொன்னால் தேதியை ஒரு நாள் முன்பின் மாற்றிப் பாருங்கள். விசா கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. 12 வயது தாண்டியதால் பையனுக்கும் முழுக் கட்டணம்தான். விண்ணப்ப மையக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து மூவருக்கும் 40,000. தங்குமிடம் ராத்திரிக்கு 100 யூரோ, 14 ராத்திரிக்கு 1,47,000. நடு ஊரில் இந்த விலைக்குக் கிடைக்காது. மெட்ரோ போகிற புறநகரில் தேடுங்கள், சமையலறை இருக்கட்டும், உரிம எண் போட்டிருக்கும் அடுக்ககம்தானா என்று பாருங்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், பையனுக்குக் கிடையாது. சாப்பாடு, போக்குவரத்துக்கு நாளுக்கு 80 யூரோ, மொத்தம் 1,17,600. நுழைவுச் சீட்டு, பொம்மை, மிட்டாய்க்கு 30,000. கூட்டினால் சுமார் 5,90,000. கைக்காவலுக்கு 30,000 சேர்த்து 6,20,000. ஏஜென்டுக்குக் கொடுப்பதைவிட 1,75,000 குறைவு, நாளோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேக்கேஜ் வாங்கினால் அதன் மேல் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கிற வருமான வரி, வேறு பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்ப வரும் பணம்தான், ஆனால் அதுவரை முடங்கும்.

சேமிப்பு 3,50,000 போக 2,70,000 குறைகிறது. இதற்கு எஃப்டி மேல் ஓவர்டிராஃப்ட் எடுங்கள், அதாவது எஃப்டியை உடைக்காமல் அதையே ஈடாக வைத்து வங்கியில் எடுக்கிற சின்னக் கடன். எஃப்டி வட்டியைவிட ஒன்று, ஒன்றரை சதவீதம்தான் கூட இருக்கும். 8 சதவீதம் என்றால் இரண்டு மாதத்துக்கு 3,600 ரூபாய். பிப்ரவரியில் எஃப்டி முதிர்ந்ததும் கழித்துவிட்டு, மிச்சம் 3,30,000-ஐ மறுபடி போடுங்கள். அது குடும்பத்தின் அவசரப் பணம். மகளின் படிப்புக் கடன் இருக்கும்போது அதற்குக் கீழே இறங்கக் கூடாது. இதுவும் அதிகம் என்று தோன்றினால், மகளை ஊருக்கு வரவழைக்க ஒரு டிக்கெட் போதும். மலிவான வழி அதுதான், நீங்கள் கேட்கவில்லை என்பதால் முதலில் சொல்லவில்லை.

கார்டு விஷயம். சாதாரணக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் கூடுதல், அதற்கு ஜிஎஸ்டி வேறு. யூரோவை முன்பே ஏற்றி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடை மெஷினில் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம். இத்தனை பேருக்கு உபதேசம் செய்கிற நானே ஒரு ஓட்டலில் அவசரத்தில் ரூபாயை அழுத்தி, ஒரு வேளை காபிக் காசை விட்டேன்.

லாட்டரி. டிசம்பர் 22 அன்று மாட்ரிடில் பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாட்டாகவே பாடிக் குலுக்குவார்கள். 1812-லிருந்து நடக்கிறது. நீங்கள் போய் இறங்கும்போது அது முடிந்திருக்கும். பத்தில் ஒரு பங்குச் சீட்டு 20 யூரோ, முதல் பரிசு விழுந்தால் 4 லட்சம் யூரோ. மொத்தம் ஒரு லட்சம் எண்கள். வசூலில் 70 சதவீதம்தான் பரிசாகத் திரும்புகிறது, அதாவது உங்கள் 20 யூரோவின் சராசரி மதிப்பு 14. 40,000 யூரோவுக்கு மேலான பரிசுக்கு ஸ்பெயின் 20 சதவீத வரி பிடிக்கும். அதைவிட முக்கியம், இந்தியாவிலிருந்து லாட்டரிச் சீட்டு வாங்கப் பணம் அனுப்புவதை ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே மகளுக்கு ஜிபே மாதிரி எதிலும் 'எங்களுக்கும் ஒன்று' என்று அனுப்பாதீர்கள். அவள் அங்கே தன் காசில் நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கினால் அது அவள் பாடு, அங்கே அலுவலகம் அலுவலகமாக அப்படித்தான் வாங்குகிறார்கள்.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் கூட்டம் சேருவதற்குள் நேரம் பதிவு செய்யுங்கள். நீங்கள் வாடகை வீட்டில் தங்குவதால் மகள் போலீஸிடம் அழைப்புக் கடிதம் வாங்க அலைய வேண்டியதில்லை, தங்குமிடப் பதிவு ரசீது போதும். விசா கையில் வரும்வரை, பணம் திரும்பாத டிக்கெட் எதையும் போடாதீர்கள்.