தம்பியின் கைப்பேசி ஸ்லாட் ஆட்டம்: என் பதில்

சகோதரி, திருமங்கலத்தில் கடை வைத்திருக்கும் உங்கள் தம்பி இரவெல்லாம் கைப்பேசியில் ஸ்லாட் (பணம் கட்டிச் சக்கரங்களைச் சுழற்றி, ஒரே படங்கள் வரிசையாக விழுந்தால் பணம் கிடைக்கும் சூதாட்டம்) ஆடிக் கடனாளியாகிவிட்டதாகவும், "ஒரு படம்தான் தவறியது, அடுத்த முறை விழுந்துவிடும்" என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறைக்கும் போன முறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொத்தானை அழுத்தியதுமே சீரற்ற எண் ஒன்று முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. பிறகு சக்கரம் சுழல்வது வெறும் வேடிக்கை. ஆனால் மயிரிழையில் தவறியதை மனம் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. 20 ரூபாய் கட்டி 8 ரூபாய் திரும்பினாலும் மணியடித்துக் கொண்டாடுவார்கள். போன 12 ரூபாய் கண்ணில் படாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத தீனிக்காகப் புறாக்கள் ஓயாமல் கொத்துவதை உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்திலேயே காட்டினார். படித்தவன், கெட்டிக்காரன் என்பதெல்லாம் இங்கே உதவாது. (ஒழுங்கான இயந்திரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். தடையை மீறி நடக்கும் செயலிகளில் அந்த உத்தரவாதமும் கிடையாது.)

கடனை அடைக்கிறேன் என்று அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். கடை வரவு கொஞ்ச காலம் வீட்டில் வேறொருவர் கணக்கில் விழட்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால் முதலில் நீங்களே அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்துப் பேசலாம், கட்டணமில்லை. சத்தியம் வாங்குவது மட்டும் வேண்டாம். மீறிய பிறகு மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்.