ஜப்பான் ஜீப்பைக் கனடாவுக்கு இறக்குமுன்

வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள ஜப்பானிய ஜீப்புகளையும் நான்கு சக்கர இயக்க வான்களையும் பற்றித்தான் இம்முறை நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் பஜீரோவையும் டெலிக்காவையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் பணம் அனுப்பிய பிறகு கேட்கவேண்டிய கேள்வி எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் டெலிக்கா வான் ஓடியவன் நான். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். ஜப்பானிய ஏலத்தில் 2011ஆம் ஆண்டு டெலிக்கா டி:5 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை ஒன்ராறியோவுக்குக் கொண்டுவர முடியுமா, ஐயா?

பதில்: வயது சரியாக இருந்தால் முடியும். கனேடியப் பாதுகாப்புத் தரத்துக்கு அமையத் தயாரிக்கப்படாத வாகனமாக இருந்தாலும், தயாரான மாதத்திலிருந்து 15 ஆண்டுகள் நிறைந்துவிட்டால் இங்கே இறக்கலாம். அமெரிக்காவில் இதற்கு 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் 2007இல் அறிமுகமான டி:5 கனேடியச் சாலைகளில் ஓடுகிறது, எல்லைக்கு அப்பால் அதைக் காண்பது அரிது.

இங்கே எண்ணப்படுவது ஆண்டு மட்டுமல்ல, மாதமும்தான். 2011 ஓகஸ்டில் தயாரான வாகனத்துக்கு 2026 ஓகஸ்டில்தான் வயது நிறைகிறது. "இரண்டு மாதம்தானே குறைகிறது, கப்பல் வந்து சேர அவ்வளவு நாளாகும்" என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். கப்பல் முந்தி வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அவரல்ல. ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது முதன்முதலாகப் பதிவுசெய்த மாதம். வாகனம் தயாரான பிறகுதான் பதிவாகும் என்பதால், பதிவு மாதத்திலிருந்தே 15 ஆண்டுகள் கழிந்த வாகனத்தைத் தேர்ந்தெடுத்தால் வயதைப் பற்றிய வாதத்துக்கே இடமில்லை.

வரி விவரம் இது. ஜப்பானில் தயாரான காருக்கு, பசிபிக் கடந்த வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2022 முதல் சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால் அந்தச் சலுகை தானாக வராது. ஜப்பானில் உற்பத்தியானது என்பதற்கான சான்றை நீங்கள் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் 6.1 சதவீதம் அறவிடுவார்கள். குளிரூட்டி இருந்தால் அதற்கு 100 டொலர் தனி வரி. அதற்குமேல் 5 சதவீத மத்திய விற்பனை வரி. ஒன்ராறியோவின் 8 சதவீதத்தை வாகனத்தைப் பதிவுசெய்யும்போது கட்டுவீர்கள். இவற்றோடு ஏல முகவரின் கட்டணம், கப்பல் கூலி, துறைமுகக் கட்டணம், வன்கூவர் பக்கத்திலோ ஹலிபாக்ஸிலோ இறங்கினால் அங்கிருந்து ரொறன்ரோ வரை ஏற்றிவரும் செலவு ஆகியவற்றையும் கூட்டுங்கள். ஏலத்தில் கேட்கும் விலை இந்தக் கணக்கின் முதல் வரி மட்டுமே.

இன்னொன்று, சேறு. காட்டுப்பாதையில் ஓடிய வாகனத்தின் அடியில் மண் ஒட்டியிருந்தால் கனேடிய உணவு ஆய்வு முகமை அதை உள்ளே விடாது. வெளிநாட்டு மண்ணோடு கிருமியும் புழுவும் வந்துவிடும் என்பது காரணம். கப்பலேற்றுமுன் அடிப்பாகத்தை நீராவியால் கழுவச் சொல்லி, கழுவிய படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முகவர் அனுப்பிய ஏலத் தாளில் "4" என்று மதிப்பெண் இருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

பதில்: மதிப்பெண் வாகனத்தைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம் மட்டுமே. 4.5, 4 என்றால் நல்லது. 3.5 என்றால் வயதுக்கேற்ற தேய்மானம். "ஆர்" அல்லது "ஆர்ஏ" என்றால் விபத்துக்குப்பின் திருத்தியது. தாளில் வாகனத்தின் வரைபடமும் அதன்மேல் சிறு எழுத்துகளும் இருக்கும். "ஏ" கீறல், "யு" நசுங்கல், "டபிள்யு" தட்டிச் சரிசெய்த இடம், "எக்ஸ்எக்ஸ்" மாற்றிய தகடு. நீங்கள் தேட வேண்டியவை "எஸ்" என்ற எழுத்தும் "சி" என்ற எழுத்தும். முன்னது துரு, பின்னது அரிப்பு.

நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த வரைபடத்தில் கதவும் பொனட்டும் கூரையும் உண்டு, அடிப்பாகம் இல்லை. அடிப்பாகத்தைப் பற்றிப் பரிசோதகர் கையால் எழுதிய ஜப்பானியக் குறிப்பு ஓரத்தில் கிடக்கும். அதை முழுவதும் மொழிபெயர்த்துத் தரும்படி முகவரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு முகவரைப் பாருங்கள்.

ஜப்பானிய வாகனம் என்றால் துருவே இருக்காது என்று இங்கே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஹொக்கைடோவிலும் ஜப்பான் கடலை ஒட்டிய பனிப் பகுதிகளிலும் சாலைக்கு உப்பு போடுகிறார்கள், ஒன்ராறியோவில் போடுவதைப் போலவே. நான்கு சக்கர இயக்கம் யாருக்கு அதிகம் தேவைப்படும்? பனியில் ஓடுகிறவர்களுக்குத்தான். ஆகவே ஹொக்கைடோவின் சப்போரோவில் ஏலத்துக்கு வரும் டொயோட்டா பிராடோ ஜீப்பைவிட, தெற்கே கியூஷூவிலோ ஷிக்கோக்குவிலோ காலம் கழித்த பிராடோ பெரும்பாலும் நல்லது. ஆனால் வியாபாரிகள் வாகனத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் விற்பதும் உண்டு. ஏலம் நடக்கும் ஊரை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அடிப்பாகத்தின் படங்களையும் கேட்டு வாங்குங்கள்.

படம் வந்ததும் எங்கே பார்ப்பது? பிராடோவிலும் ஹைலக்ஸ் சர்ஃபிலும் பின் அச்சைச் சுற்றியுள்ள சட்டகத்தைப் பாருங்கள். 1994 முதல் வந்த பழைய டெலிக்கா ஸ்பேஸ் கியரில், பின்னிருக்கை ஹீட்டருக்குச் சுடுநீர் கொண்டுபோகும் குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடுகின்றன. அவை துருப்பிடித்து ஓரிடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். ரேடியேட்டர் நீர் சொட்டுச் சொட்டாகக் குறையும், வெப்பமானி முள் ஏறும்போதே காலம் கடந்திருக்கும். 2.8 லீற்றர் டீசல் எஞ்சினின் தலைப்பகுதி அதிக வெப்பத்தில் விரிசல் விட்டுவிடும். வாங்கியவுடன் அந்தக் குழாய்களை மாற்றிவிடுங்கள், அல்லது பின் ஹீட்டரை அடைத்துவிடுங்கள். எஞ்சினைத் திறக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு.

ஓடிய தூரத்தில் சந்தேகம் இருந்தால் ஏற்றுமதிச் சான்றிதழைப் பாருங்கள். ஜப்பானில் கட்டாயப் பரிசோதனையின்போது குறித்த கிலோமீற்றர் அளவு அதில் அச்சாகியிருக்கும்.

கேள்வி: வாகனம் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. இதுவரை கேட்ட இரண்டு காப்புறுதி நிறுவனங்களும் மறுத்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நிலை புரிகிறது. பிரம்டனிலிருந்தும் இதே கேள்வியை இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒன்ராறியோவில் காப்புறுதி தனியார் கையில் இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் சில நிறுவனங்கள் பின்வாங்குகின்றன. நிறுவனம் நிறுவனமாகத் தொலைபேசியில் கேட்டு அலைவதைவிட, பல நிறுவனங்களோடு தொழில் செய்யும் ஒரு தரகரிடம் போங்கள். ஜப்பானிய இறக்குமதிகளுக்கு ஏற்கனவே காப்புறுதி எடுத்துக் கொடுத்தவராக இருந்தால் நல்லது. மறுத்தவர்களிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த நிறுவனமும் ஏற்காதவர்களுக்கு ஃபசிலிட்டி அசோசியேஷன் என்ற கடைசிப் புகலிடம் உண்டு, ஆனால் கட்டணம் கடுமையாக இருக்கும்.

இன்னும் வாங்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சட்டக எண்ணையும் வாகன விவரத்தையும் தரகருக்கு அனுப்பி, காப்புறுதி தருவோம் என்று எழுத்தில் பெற்ற பிறகுதான் ஏலத்தில் கை தூக்க வேண்டும்.

கேள்வி: வலப்பக்க ஸ்டியரிங் ஆபத்து என்று மனைவி மறுக்கிறார். பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊரில் அப்படித்தானே ஓட்டினோம்?

பதில்: ஊரில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடின, சாரதி சாலையின் நடுப்பக்கமாக இருந்தார். இங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன, நீங்கள் நடைபாதையோரமாக இருப்பீர்கள். உங்கள் மனைவியின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரச காப்புறுதி நிறுவனம் 2007இல் இதை ஆராய்ந்தது. வலப்பக்க ஸ்டியரிங் வாகன ஓட்டிகள் தங்கள் தவறால் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்று கண்டது.

சிக்கல் எழுவது இரண்டு இடங்களில். போக ஒரு தடம், வர ஒரு தடம் மட்டுமே உள்ள நெடுஞ்சாலையில் மரம் ஏற்றிய லொறிக்குப் பின்னால் போகிறீர்கள். முந்தலாமா என்று எட்டிப்பார்க்க வாகனத்தின் பாதியை எதிர்த்தடத்துக்குள் விட்டால்தான் உங்களுக்கு எதிரே தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் "வருகிறதா பார்" என்று கேட்டு முந்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். தூரத்தையும் வேகத்தையும் கணிப்பது ஓட்டுகிறவரின் பொறுப்பு. லொறியிலிருந்து நன்றாகப் பின்தங்கி ஓடுங்கள், முந்துவதற்கென்று கூடுதல் தடம் வரும்வரை பொறுத்திருங்கள். அடுத்தது, சந்தியில் இடப்பக்கம் திரும்புவது. எதிரே திரும்பக் காத்து நிற்கும் வாகனம் அதன் பின்னால் வருவதை மறைத்துவிடும். சந்தேகம் இருந்தால் திரும்ப வேண்டாம்.

முகப்பு விளக்கையும் மறக்காதீர்கள். ஜப்பானிய விளக்கின் தாழ்கற்றை இடப்பக்கம் உயர்ந்து விழும்படி அமைந்தது. இங்கே அது நேராக எதிரே வருகிறவரின் கண்ணில் குத்தும். திருகைத் திருப்பி இறக்கினால் போதாது, வலப்பக்கச் சாலைக்கான விளக்கையே பொருத்த வேண்டும்.

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பழைய ஸ்பேஸ் கியரில் சறுக்குக் கதவு இடப்பக்கம் மட்டுமே. ஜப்பானில் அது நடைபாதைப் பக்கம், இங்கே வாகனங்கள் பாயும் பக்கம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை இறங்குவது நேரே சாலைக்குள். டி:5இல் இரு பக்கமும் கதவு உண்டு, உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது அதைத்தான். முன்னோக்கி வைக்கும் குழந்தை ஆசனத்தின் மேல்பட்டியைக் கனடாவில் கட்டாயம் கொளுவ வேண்டும். பழைய ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் அதற்கான கொளுவி இல்லை. வாங்குமுன் இதைக் கேட்டறியுங்கள்.

கேள்வி: சுசுக்கி ஜிம்னியில் எனக்கு ஆசை. தினமும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறேன். சரிவருமா அண்ணா?

பதில்: தம்பி, சரிவராது. ஜப்பானியச் சிறு வாகன விதிப்படி செய்த ஜிம்னியின் எஞ்சின் 660 சிசி, வலு 64 குதிரை. காட்டுப்பாதையில் பெரிய ஜீப்புகள் போக முடியாத இடத்துக்கெல்லாம் அது போகும். 401இல் லொறிகளுக்கு நடுவே தினமும் அதை விரட்டினால் நீங்களும் களைப்பீர்கள், எஞ்சினும் களைக்கும். வார இறுதிக்கென்று வைத்திருக்க வசதி இருந்தால் வாங்குங்கள். தினமும் ஓட ஒரே வாகனம்தான் என்றால் வேண்டாம்.

கேள்வி: அடுத்த வருடம் மொன்றியலுக்குக் குடிபெயர்கிறோம். என்னிடம் இருப்பது 17 வயதுப் பஜீரோ. அங்கே பதியலாமா? நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவிடம் அதில் போய்வரலாமா?

பதில்: கியூபெக்கில் பதிய முடியாது. 25 வயது நிறையாத வலப்பக்க ஸ்டியரிங் வாகனத்தை அந்த மாகாணம் 2010 முதல் பதிவதில்லை. குடிபெயர்வது உறுதியென்றால் ஒன்ராறியோவிலேயே விற்றுவிடுங்கள். பனிக்காலம் தொடங்குமுன், நான்கு சக்கர இயக்கத்தை எல்லோரும் தேடும் இலையுதிர் காலத்தில் விற்றால் நல்ல விலை கிடைக்கும்.

அக்காவிடம் போய்வரலாம். அமெரிக்காவின் 25 ஆண்டு விதி நிரந்தரமாக இறக்குவதற்குத்தான்; கனடாவில் வசிப்பவர் இங்கே பதிந்த தன் வாகனத்தைச் சொந்தப் பாவனைக்காக ஓராண்டு வரை தற்காலிகமாக அங்கே கொண்டுபோகலாம். அங்கே விற்கக் கூடாது, விட்டுவிட்டு வரவும் கூடாது. பதிவுப் பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் கையில் வைத்திருங்கள். அமெரிக்கப் பயணத்துக்கும் காப்புறுதி செல்லுமா என்று புறப்படுமுன் தரகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.