தராசிலிருந்து எடை வரவில்லையா? முதலில் 2, 3-ம் பின்களை (pin) இணைத்துப் பாருங்கள்

வணக்கம். காம் 4 (COM4, கன்வெர்ட்டருக்கு லேப்டாப் கொடுத்த போர்ட்டின் பெயர்) தெரிகிறது, ஆனால் கடைத் தராசிலிருந்து புது லேப்டாப்புக்கு ஓர் எழுத்துகூட வரவில்லை என்கிறீர்கள். முதலில் தராசின் சீரியல் கேபிளை லேப்டாப்பில் செருக உதவும் யூஎஸ்பி கன்வெர்ட்டரைச் சோதியுங்கள். தராசைக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டரின் 9 பின் முனையில் 2, 3 இரண்டையும் சின்னக் கம்பியால் இணையுங்கள். புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் காம் 4-ஐத் திறந்து, அதன் அமைப்பில் ஃப்ளோ கன்ட்ரோலை (flow control) நிறுத்திவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் கன்வெர்ட்டரும் டிரைவரும் சரி.

அப்புறம் சந்தேகம் கேபிள் மேல்தான். கணினி 3-ல் பேசி 2-ல் கேட்கும். தராசும் அப்படியே என்றால் நேர் கேபிள் உதவாது, 2-ம் 3-ம் மாறிய நல் மோடம் (null modem) கேபிள் வேண்டும்.

குப்பை எழுத்துகள் வந்தால் சந்தோஷப்படுங்கள்: கம்பி சரி, பெரும்பாலும் வேகம்தான் தப்பு. புட்டியில் வேகம் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை என்று தொடங்குங்கள். சில தராசுகள் பிரிண்ட் பொத்தானை அழுத்தினால்தான் எடையை அனுப்பும், அதையும் அழுத்திப் பாருங்கள்.