கேள்வி நேரம்: பதினைந்து நொடி ஒசாகா

கேள்வி: அம்மா, ஜப்பானில் பத்தொன்பது வருடம் இருந்ததாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அந்த மொழியை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? வகுப்புக்குப் போனீர்களா?

பதில்: வகுப்புக்கும் போனேன். ஆனால் முதலில் வாயில் ஒட்டிக்கொண்டது டிவி விளம்பரம்தான். 1992-ல் நாங்கள் குடிபோனது அமகசாகியில். ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவில் இருக்கிற ஊர். அவர் காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார். சாயங்காலம் முழுக்க எனக்குத் துணை டிவி. செய்தி வாசிக்கிறவர் பேசுவதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. விளம்பரம் மட்டும் புரிந்தது. அதே சொற்கள், அதே மெட்டு, ஒரே நாளில் ஐந்தாறு தடவை வரும்.

அங்கே '551 ஹோராய்' என்று ஒரு கடை இருக்கிறது. பன்றிக்கறி வைத்து ஆவியில் வேகவைக்கும் பன் அவர்களுடைய பெயர்போன பண்டம். விளம்பரத்தில் ஒரு குடும்பம் வரும். "551 இருக்கும்போது!" என்றதும் எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். "இல்லாதபோது..." என்றதும் அத்தனை முகமும் தொங்கிப்போகும். அவ்வளவுதான் விளம்பரம். இருக்கிறது என்பதற்கு 'அரு', இல்லை என்பதற்கு 'நை'. வகுப்பில் இந்த இரண்டையும் நடத்துவதற்கு முன்பே அந்த முகங்களைப் பார்த்து நான் படித்துவிட்டேன். காய்கறிக் கடையில் "கத்திரிக்காய் அரு?" என்று கேட்டதுதான் நான் பேசிய முதல் ஜப்பானிய வாக்கியம். கடைக்காரரும் சளைக்காமல் "அரு, அரு!" என்றார்.

நான் சைவம். அந்தப் பன்னை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. இருந்தாலும் அந்த விளம்பரம் என்னுடையது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேள்வி: 551 என்ன கணக்கு? கடைக்கு எண்ணையா பெயராக வைப்பார்கள்?

பதில்: கடையின் தொலைபேசி எண்ணில் 551 இருந்தது. ஐந்தை 'கோ' என்பார்கள், 'கோ' 'கோ' என்பது 'கோகோ' ஆகி 'இங்கே' என்று பொருள் தந்துவிடும். ஒன்று 'இச்சி'. 'இச்சிபான்' என்றால் முதலிடம். ஆக, 'இங்கேதான் முதல் தரம்'. எண்ணைச் சொல்லாக்கும் இந்த வித்தை ஜப்பானில் எல்லா ஊரிலும் உண்டு. இத்தோ நகரத்து ஹாத்தோயா ஹோட்டலின் எண் 4126, அதை 'யோய் ஃபுரோ', அதாவது 'நல்ல குளியல்' என்று படிப்பார்கள். வெந்நீர் ஊற்று ஹோட்டலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அது தோக்கியோ பக்கத்து விளம்பரம். நான் சொல்ல வந்தது எங்கள் பக்கத்துச் சங்கதி.

கேள்வி: ஒரே நாடுதானே? தோக்கியோவுக்கு ஒரு விளம்பரம், ஒசாகாவுக்கு ஒரு விளம்பரம் என்று ஏன் பிரித்துக் காட்ட வேண்டும்?

பதில்: தனியார் டிவி நிலையங்களுக்கு அங்கே வட்டாரக் கணக்கில்தான் உரிமம். ஒசாகா, கியோத்தோ, ஹ்யோகோ, நாரா, ஷிகா, வாகாயாமா ஆறும் சேர்ந்தது கன்சாய் வட்டாரம். நிகழ்ச்சி தோக்கியோவிலிருந்து வந்தாலும், நடுவில் கிடைக்கும் பதினைந்து பதினைந்து நொடித் துண்டுகளை உள்ளூர் நிலையமே விற்கும். அதனால் அவாஜித் தீவில் இருக்கிற ஒரு ஹோட்டலும், அரிமா மலையடிவாரத்து விடுதியும், நண்டு உணவகமும் பெரிய கம்பெனிகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார முடிந்தது. அவர்கள் வருஷா வருஷம் புதுப் படம் எடுப்பதில்லை. ஒரு மெட்டைப் பிடித்தால் அதை விடவே மாட்டார்கள். அதனால்தான் அம்மா பாடிய பாட்டையே பிள்ளையும் பாடிக்கொண்டு வளர்கிறது.

கேள்வி: நண்டுப் பாட்டு என்று ஒன்று உண்டாமே? ஒசாகாவில் வேலை பார்க்கும் என் தம்பி போனில் பாடிக் காட்டினான். அர்த்தம் சொல்லத் தெரியவில்லை.

பதில்: ஆகா, அதைக் கேட்டுவிட்டீர்களே! கானி தோராகு உணவகத்தின் பாட்டு அது. தோதோன்போரியில் காலை அசைத்துக்கொண்டு நிற்கும் ராட்சத நண்டுப் பொம்மையை உங்கள் தம்பி கட்டாயம் பார்த்திருப்பார். 1962-லிருந்து அந்த வாசலில் நண்டு அசைகிறது. பாட்டு 'தோரெதோரே பிச்சிபிச்சி' என்று ஆரம்பிக்கும். 'தோரெதோரே' என்றால் அப்போதுதான் பிடித்தது. 'பிச்சிபிச்சி' என்பது உயிரோடு துடிக்கிற துடிப்பு. நம் 'துள்ளத் துடிக்க' இருக்கிறதே, அப்படியே அதுதான். ஜப்பானிய மொழிமேல் எனக்குப் பிரியம் வந்தது இந்த மாதிரி இரட்டைச் சொற்களால்தான்.

மெட்டுப் போட்டவர் கிதா தாரோ. 1930-ல் தக்காராசுகாவில் பிறந்தவர், 2024 மே மாதம் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். 'நானிவா மோட்ஸார்ட்' என்பார்கள் அவரை. நானிவா என்பது ஒசாகாவின் பழைய பெயர். அரிமாவில் இருக்கும் கோயோகாகு விடுதியின் விளம்பர மெட்டும் அவர் போட்டதே. ஒரு தடவை கேட்டால் போதும், பாத்திரம் கழுவும்போது தானாக வரும். குழந்தைக்கும் கிழவிக்கும் ஒரே சுருதியில் எட்டுகிற மெட்டைப் போடுவது லேசான வேலை இல்லை. அவரை நான் பெரிய இசையமைப்பாளர் வரிசையில்தான் வைப்பேன்.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46. அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு டிவியில் விளம்பரமே நின்றுபோனது. இரவும் பகலும் எரிகிற கோபேயும் இறந்தவர்கள் பெயர்ப்பட்டியலும்தான். பிறகு பொதுநல அறிவிப்புகள் வந்தன. எங்கள் சுவரில் விரிசல். தண்ணீர் வாளியில் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் வீட்டில் தனியாகத் தூங்கப் பயந்து எங்களோடு இருந்தார். எத்தனை நாள் கழித்தோ ஒரு சாயங்காலம் நண்டுப் பாட்டு வந்தது. பாட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கடைசி வரியை மட்டும் கூடவே பாடினார். அப்புறம் மறுபடியும் நறுக்க ஆரம்பித்தார்.

கேள்வி: பார்னாஸ் என்ற மிட்டாய்க்கடை விளம்பரம் பயமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: பயம் இல்லை, ஒரு ஏக்கம். ரஷ்யப் பாணிப் பலகாரம் செய்த கம்பெனி அது. ஞாயிறு காலை கார்ட்டூன் நேரத்தில் அந்தச் சோகமான பாட்டு வந்ததாகப் பாட்டியின் மகன் சொல்வார். அதன் பொற்காலம் நான் போவதற்கு முன்பே முடிந்துவிட்டது. கம்பெனியும் இப்போது இல்லை. அவர் பாடிக் கேட்டதுதான் எனக்குத் தெரியும். ஐம்பது வயது மனிதர், முதல் வரி பாடும்போதே குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: அடுத்த மாதம் ஒசாகா போகிறேன். இந்தப் பாட்டுகளை எங்கே கேட்கலாம்?

பதில்: அறையில் டிவியைப் போட்டு வையுங்கள். கோபேயின் சன் டிவியில் (நம் ஊர் சன் டிவி இல்லை) ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டம் இருந்தால் இன்னும் நல்லது, இடைவேளைகளில் உள்ளூர் விளம்பரம் வரும்.

இன்னொரு வழியும் உண்டு. கன்சாயில் வீடுகளுக்கு வந்து மின்சார ஒயரிங்கைச் சோதிக்கிற சங்கம் ஒன்று இருக்கிறது: 'கன்சாய் தென்கி ஹோஆன் க்யோகாய்'. அதன் விளம்பரத்தில் நடிகர்கள் இல்லை, அங்கே வேலை செய்கிறவர்களே வந்து பெயரை ராகம் போட்டுச் சொல்வார்கள். எங்கள் வீட்டு மீட்டரைப் பார்க்க ஒருவர் வந்தார். அடையாள அட்டையை நீட்டினார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் போய், என்னை அறியாமல் ராகத்தோடு படித்துவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கி, இரண்டாம் தடவை அதே ராகத்தில் தானும் சொன்னார்.

அந்தச் சங்கத்தின் பெயர் ஜப்பானிய எழுத்தில் எழுதினால் எட்டு எழுத்து. ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கன்சாய்க்காரரிடம் காட்டி, "இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பாடாமல் படிக்கிறாரா பாருங்கள்.