ஓடுதளம் தெரியாதபோதும் விமானி ஏன் இறக்கப் பார்க்கிறார்?

மழையிலும் பனிமூட்டத்திலும் ஓடுதளமே தெரியாதபோது வேறு ஊருக்குத் திருப்பினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பத்தான் வேண்டும், விதியே அதுதான். ரேடியோ அலை மூலம் ஓடுதளத்துக்கு வழிகாட்டும் சாதாரண ஐ.எல்.எஸ். கருவியை நம்பிச் சுமார் 200 அடி உயரம் வரை இறங்கலாம். அங்கே ஓடுதள விளக்குகள் கண்ணில் படவில்லையென்றால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். இதைத்தான் ‘கோ அரவுண்ட்’ என்பார்கள். மாற்று ஊர் போய்ச் சேரவும் எரிபொருள் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

இருந்தும் சில பேர் இறங்கிவிடுகிறார்கள். 1973 மே 31 அன்று மதராஸிலிருந்து டில்லி போன விமானம் புழுதிப் புயலில் அங்குள்ள பாலம் விமான நிலையத்துக்கு அருகே விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்துபோனார்கள். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் அதில் ஒருவர்.

கீழக்கரைக்காரனான எனக்கு 2020 ஆகஸ்ட் 7 இன்னும் நெருக்கமானது. கொரோனாவில் துபாயில் மாட்டியவர்களை ஏற்றிக்கொண்டு கோழிக்கோடு வந்த விமானம் அது. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் தெருச் சபராளிகளும் அப்படியொரு விமானத்துக்குத்தான் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கொட்டும் மழை. கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோய், முதல் முறை இறங்காமல் மேலே ஏறினார்கள். சரியான முடிவு. அப்புறம் எதிர்த்திசையிலிருந்து, பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு வந்தார்கள். 8,858 அடி ஓடுதளத்தில் ஏறக்குறைய பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி ‘கோ அரவுண்ட்’ என்று சொல்லியும் பார்த்தார். மேட்டு ஓடுதளத்தின் விளிம்பைத் தாண்டிச் சரிவில் விழுந்து விமானம் உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், விமானிகள் இருவரும் உட்பட.

விசாரணை அறிக்கையில் ஓர் இடம் என்னை உலுக்கியது. மறுநாள் காலை விமானத்தையும் அந்தக் கேப்டனே ஓட்ட வேண்டியிருந்தது, அங்கே போதிய கேப்டன்கள் இல்லை, அதனால் கோழிக்கோட்டிலேயே இறங்கிவிடும் எண்ணம் அவருடைய முடிவைப் பாதித்தது என்கிறது அறிக்கை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக மீன்பிடி டோக்கன் கிடையாது, படகு கரையிலேயே நிற்கும். போவதா வேண்டாமா என்று ஓட்டுகிறவர் தனியே மல்லுக்கட்ட வேண்டாம். விமானத்திலோ கடைசி முடிவு இரண்டு பேர் கையில், அதுவும் சில நொடிகளில். அந்த நொடிகளுக்குள் மறுநாள் டியூட்டியின் கவலை நுழையவே கூடாது. ஆள் போதாமல் வைத்துவிட்டு விமானியை மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பயணிகளாகிய நாமும் அழுத்தம் கொடுக்கிறோம். எங்கள் காக்கா (அண்ணன்) வந்த விமானம் மதுரையில் மழையால் இறங்க முடியாமல் கொச்சிக்குப் போய்விட்டது. வாசலில் நின்ற ஒருவர், “தலைக்கு மேல வந்துட்டு இறக்கத் தெரியலையா?” என்று கத்தினார். வேன்காரர் கூடுதல் வாடகை கேட்டார். எங்கள் உம்மா மட்டும், “உயிரோட தானே இருக்கான், மெதுவா வரட்டும்” என்று சொல்லிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள்.

வேறு ஊரில் இறங்கினால் பல மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார வேண்டி வரலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.