சனிக்கிழமை ஆட்டம் திங்கட்கிழமைக்குப் போவது ஏன்?

இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்ட நேரங்களைப் பற்றியே இந்த முறை நிறையக் கடிதங்கள். முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கே: ஜூன் மாதம் வெளியான அட்டவணையை அப்படியே எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். அக்டோபருக்குள் பாதி ஆட்டங்களுக்கு நாளும் நேரமும் மாறிவிட்டன. பிறகு எதற்கு அந்த அட்டவணை? (வாசகி, மதுரை)

ப: ஜூனில் வருவதில் உறுதியானது மூன்று விஷயம்தான்: யாருக்கும் யாருக்கும் ஆட்டம், யாருடைய மைதானத்தில், எந்த வாரத்தில். அதில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு 'சனி மாலை 3 மணி' என்று போட்டிருக்கும். அதை நேரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் நிரப்புவதற்காக விட்ட காலி இடம் அது.

நிரப்புவது தொலைக்காட்சி. 2025இல் தொடங்கி நான்கு பருவங்களுக்கு பிரிட்டனுக்குள் ஒளிபரப்பும் உரிமை மட்டும் 670 கோடி பவுண்டுக்குப் போயிருக்கிறது. ஒரு பருவத்தில் 380 ஆட்டம். அதில் குறைந்தது 215ஐ ஸ்கை ஸ்போர்ட்ஸும் 52ஐ டிஎன்டி ஸ்போர்ட்ஸும் நேரடியாகக் காட்டுகின்றன. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அதிகபட்சம் 113. ஒரு சுற்றுக்குச் சராசரியாக மூன்றே ஆட்டம். மற்றவை வெள்ளி இரவு 8, சனி மதியம் 12.30, சனி மாலை 5.30, சனி இரவு 8, ஞாயிறு 2, ஞாயிறு 4.30, திங்கள் இரவு 8 என்று பிரிந்து போகும்.

எது எங்கே போகும் என்பதைச் சேனல்கள் ஒரேயடியாகச் சொல்வதில்லை, மாதம் மாதமாகத்தான் தேர்ந்தெடுக்கின்றன. பட்டம் யாருக்கு, கீழ்ப் பிரிவுக்கு இறங்கப்போவது யார் என்ற போட்டி எங்கே சூடுபிடிக்கிறதோ அங்கே கேமராவை வைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தேர்வு முடிந்ததும் உள்ளூர் போலீஸைக் கேட்க வேண்டும். வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் கிளப்பாக இருந்தால் ஞாயிற்றுக்குத் தள்ள வேண்டும். இதெல்லாம் முடிந்து தேதி வெளியே வரும்போது ஆட்டத்துக்குச் சில வாரங்களே பாக்கி இருக்கும்.

கிளப்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி எல்லாக் கிளப்புக்கும் சமம், கால் பங்கு புள்ளிப்பட்டியல் இடத்தைப் பொறுத்தது. இன்னொரு கால் பங்கு, எத்தனை முறை நேரடியாகக் காட்டப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தது. நாள் மாறினால் கிளப்புக்கு வரவு. செலவு ரசிகனுக்கு.

கே: சனிக்கிழமை இரவு 7.30 ஆட்டத்தை நான் இங்கே கைப்பேசியில் பார்க்கிறேன். லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் அதே ஆட்டம் அங்கே டிவியில் வராது என்கிறான். உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: உண்மைதான். பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரடியாகக் காட்டக்கூடாது. 1960களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட் மற்றக் கிளப்களைப் பேசிச் சம்மதிக்க வைத்த ஏற்பாடு இது. பெரிய கிளப் ஆட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் மூன்றாம், நான்காம் பிரிவுக் கிளப்களின் வாசலில் டிக்கெட் வாங்க ஆள் இருக்காது என்பது அவர் வாதம். ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதியிலும் இப்படி ஒரு நேரத்தை அடைத்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு இடமுண்டு.

தடை பிரிட்டனுக்குள் மட்டும் என்பதால் நமக்கு வருகிறது. இதைப் பழைய காலத்து விதி என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. வெளியூர் ரசிகன் ஆட்டம் பார்த்துவிட்டு அன்றிரவே ரயிலேறி வீடு சேர வசதியான நேரம் அந்த 3 மணிதான். இன்று அதைக் காத்து நிற்பது இந்தத் தடை மட்டுமே.

கே: அக்டோபர் கடைசியில் எல்லா ஆட்டமும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விடுகிறதே? (வாசகர், தூத்துக்குடி)

ப: ஆட்டம் தள்ளிப் போவதில்லை, அவர்கள் கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். மற்ற மாதங்களில் நாலரை. அவர்களுடைய 12.30 நமக்கு மாலை 5, குளிர்காலத்தில் 6. அவர்களுடைய இரவு 8 நமக்கு நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. திங்கள் இரவு ஆட்டம் என்று அறிவிப்பு வந்தால் நம் காலண்டரில் அது செவ்வாய் அதிகாலை.

கே: நவம்பரில் மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். என் கணவருக்கு ஒரே ஒரு ஆட்டமாவது நேரில் பார்க்க ஆசை. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எப்படித் திட்டமிடுவது? (வாசகி, சென்னை)

ப: அட்டவணையில் சனிக்கிழமை என்று இருந்தால் அதை வெள்ளி மாலை முதல் திங்கள் நள்ளிரவு வரை என்று படியுங்கள். அந்த நான்கு நாளும் அந்த ஊரில், அல்லது போய்வரும் தொலைவில், இருக்க முடிந்தால் மட்டும் அந்த ஆட்டத்தைக் குறிவையுங்கள். செவ்வாய் காலைக்கு முன் ஊர் திரும்பும் விமானம் இருந்தால் வேண்டாம்.

அடுத்து, இரண்டு கிளப்பில் ஏதாவது ஒன்று அந்த வார வியாழக்கிழமை ஐரோப்பாவில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஞாயிறு என்றே வைத்துக்கொள்ளலாம். நவம்பரில் தேசிய அணி ஆட்டங்களுக்காக லீக் இரண்டு வாரம் நிற்கும். அந்த வார இறுதியில் பிரீமியர் லீக் ஆட்டமே கிடையாது. ஒளிபரப்புத் தேதி உறுதியாகும்வரை பணம் திருப்பித் தராத ஓட்டல் அறையை எடுக்காதீர்கள்.

ரயிலில்தான் பலர் சிக்குகிறார்கள். பிரிட்டனில் விலை மலிவான 'அட்வான்ஸ்' டிக்கெட் வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் முன்பே விற்பனைக்கு வரும். ஆட்டத் தேதி உறுதியாவது அதற்கு வெகுநாள் கழித்து. மலிவாக இருக்கிறதே என்று முந்திக்கொண்டால், ஆட்டம் மாறும்போது அந்த டிக்கெட்டை ரத்து செய்து பணம் வாங்க முடியாது. வேறு ரயிலுக்கு மாற்றலாம், அதற்கு 10 பவுண்டு கட்டணமும் அன்றைய விலை வித்தியாசமும் கட்ட வேண்டும். லண்டனுக்குள்ளேயே ஏழெட்டுக் கிளப் உண்டு. முதல்முறை போகிறவர்கள் அவற்றில் ஒன்றைப் பார்த்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நுழைவு டிக்கெட்டைக் கிளப்பின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் முதலில் உறுப்பினராகச் சேர வேண்டியிருக்கும். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது அங்கே 1994 சட்டப்படி குற்றம். மைதான வாசலில் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கே: வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறதாமே? அப்படியானால் நேரம் மாறுவதில் ரசிகனுக்கு என்ன பெரிய நஷ்டம்? (வாசகர், சேலம்)

ப: எதிரணி மைதானத்துக்குப் போய்ப் பார்க்கும் ரசிகனுக்கு 2016 முதல் அந்த வரம்பு இருக்கிறது, ரசிகர்கள் போராடிப் பெற்றது. ஆனால் நஷ்டம் டிக்கெட்டில் இல்லை, வழியில்.

நியூகாசிலை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து சாலையில் சுமார் 450 கிலோமீட்டர், ரயிலில் மூன்று மணி நேரம். 2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை, லண்டனில் ஆர்சனல் மைதானத்தில் நியூகாசில் அணிக்கு ஆட்டம். தொடக்கம் இரவு 8 மணி. முடியும்போது பத்து ஆகிவிடும். அதற்குள் நியூகாசிலுக்கான கடைசி ரயில் போயிருக்கும். பத்தரைக்குப் பேருந்தில் ஏறினால் அதிகாலை நாலு மணி சுமாருக்கு ஊர் சேரலாம்; இல்லையென்றால் லண்டனில் சனிக்கிழமை இரவுக்கு அறை எடுக்க வேண்டும். 30 பவுண்டு டிக்கெட்டைப் போலப் பல மடங்கு அந்த அறைக்குப் போகும். அதே ஆட்டம் 3 மணிக்கு நடந்திருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் இருந்திருப்பார்கள். குழந்தையைக் கூட்டிப்போக நினைத்த அப்பா எந்த ஆட்டத்தை விட்டுவிடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 டிசம்பர் 26இலும் இதே கிளப்புக்குத்தான் அடி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊரே மைதானத்துக்குப் போவது இங்கிலாந்தின் நெடுநாள் வழக்கம். அந்த ஆண்டு பிரீமியர் லீக்கில் அன்று ஒரே ஒரு ஆட்டம்: மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் நியூகாசில், இரவு 8 மணி. அன்று அந்த நாட்டில் பெரும்பாலான ரயில்கள் ஓடுவதே இல்லை.

பணம் தருகிறவன் நேரம் கேட்பது நடக்கத்தான் செய்யும். ஆனால் கடைசி ரயிலுக்குப் பிறகு முடியும் ஆட்டத்துக்குத் தூரத்து அணியைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கலாம். ரயில் டிக்கெட் விற்பனை திறப்பதற்கு முன்பே தேதியைச் சொல்லலாம். இரண்டுமே பெரிய செலவில்லாதவை.

கே: நான் பள்ளி அணிப் பயிற்சியாளர். பெரிய வீரர்கள் 'ஓய்வு போதவில்லை' என்று சொல்வது சாக்கா, நிஜமா? எங்கள் பிள்ளைகளும் போட்டிகளில் அடுத்தடுத்து ஆடுகிறார்களே. (வாசகர், நாகர்கோவில்)

ப: நிஜம். ஒரு கணக்கைப் பாருங்கள். 2020 நவம்பர் 25, புதன் இரவு 8 மணிக்கு லிவர்பூல் இத்தாலியின் அட்டலாண்டா கிளப்போடு ஆடியது. சனிக்கிழமை மதியம் 12.30க்கு பிரைட்டனில் அடுத்த ஆட்டம். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்க சுமார் 62 மணி நேரம். பிரைட்டன் ஆட்டத்தில் லிவர்பூல் வீரர் ஜேம்ஸ் மில்னர் தொடைப் பின்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஆட்டம் முடிந்ததும் அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் யுர்கன் கிளாப் நேரலையிலேயே சேனலோடு வாதாடினார். ஒரு காயத்தை வைத்து நேரத்தின்மேல் பழிபோட முடியாது. ஆனால் உடலின் கணக்கு அவர் பக்கம்தான். தசையில் சேமித்த மாவுச்சத்து திரும்ப நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். வேக ஓட்டத் திறன் பழைய நிலைக்கு வர 72 மணி வரை ஆகலாம். இரவு ஆட்டம் முடிந்து படுத்தால் தூக்கமும் எளிதில் வராது. மதிய ஆட்டம் என்றால் காலை 9 மணிக்கே ஆட்டத்துக்கான முழுச் சாப்பாட்டையும் முடித்தாக வேண்டும். நடுவில் புதிய பயிற்சி எதுவும் நடக்காது: வியாழன் மீட்சி, வெள்ளி கார்னர், ஃப்ரீகிக் நினைவூட்டல், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். ஆட்டம் முடிந்த முதல் நான்கு மணி நேரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து. 50 கிலோ பையனுக்கு மணிக்கு 50 முதல் 60 கிராம்: ஏறத்தாழ 200 கிராம் சோறு, அல்லது இரண்டு வாழைப்பழம். கூடவே மூன்று முட்டையோ அதற்கு ஈடான பருப்போ ஒரு வேளை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் நீர், உப்புப் போட்டு, ஒரே மடக்கில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பலர் செய்யும் தவறு, அணி தோற்றதும் மறுநாள் காலையில் ஓடவிடுவது. அன்று நடை போதும்.

கே: ரசிகர்கள் எதிர்த்து நின்று எங்காவது நேரத்தை மாற்றியிருக்கிறார்களா? (வாசகர், புதுச்சேரி)

ப: ஜெர்மனியில். அந்நாட்டு முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகா 2017-18இல் பருவத்துக்கு ஐந்து திங்கட்கிழமை ஆட்டங்களைக் கொண்டுவந்தது. வியாழன் ஐரோப்பாவில் ஆடும் அணிகளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. வீரனுக்கு நல்லதாகத் தெரியும் நேரம் ரசிகனுக்குக் கெடுதலாவது இப்படித்தான். 2018 பிப்ரவரி 19 அன்று ஃபிராங்பர்ட்டில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் கழிப்பறைக் காகிதச் சுருள்களையும் மைதானத்துக்குள் வீச, ஆட்டம் தடைப்பட்டது. அடுத்த திங்கள், 81,000 பேர் நிறையும் டார்ட்மண்ட் மைதானத்துக்கு 54,300 பேர்தான் வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே லீக் இறங்கிவந்தது. 2021-22இலிருந்து திங்கள் ஆட்டம் இல்லை, பதிலுக்கு ஞாயிறு இரவு 7.30 வந்தது. அந்த மைதானங்களில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு, உறுப்பினர்களுக்குக் கிளப்பில் வாக்கும் உண்டு. வெறும் கோஷத்தால் கிடைத்த வெற்றி இல்லை அது.

கே: கடைசி நாளில் மட்டும் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் வைப்பது ஏன்? தனித்தனியாக வைத்தால் எல்லாவற்றையும் பார்க்கலாமே? (வாசகி, திருச்சி)

ப: முதலில் ஆடியவரின் முடிவு தெரிந்துவிட்டால் பின்னால் ஆடுகிறவர் கணக்குப் போட்டு ஆடுவார். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை ஜூன் 24 அன்றே முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் கிகோன் நகரில் அதே குழுவின் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவரும் அடுத்த சுற்றுக்குள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. மிச்ச நேரம் முழுக்க இருவரும் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். 1986 முதல் உலகக் கோப்பையில் ஒரு குழுவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. லீக்குகளின் கடைசி நாளுக்கும் அதே காரணம். பிரீமியர் லீக்கில் அது வழக்கமாக ஞாயிறு மாலை 4 மணி, நம் நேரம் இரவு 8.30. ஒரு ஆட்டத்தைத் திரையில் வைத்துக்கொண்டு மற்ற ஒன்பதின் கோலையும் பக்கத்தில் ஓடும் புள்ளிப்பட்டியலில் பாருங்கள்.