623526-ஐ முழுதாகப் பிரிக்க

வணக்கம் சகோ. ராமேசுவரம் பின்கோடு 623526-ஐ உங்கள் மகள் 2, 3 என வகுத்து 103921-ல் நின்றுவிட்டதாகவும், அது பகா எண்தானா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இல்லை, 17-ல் மீதியின்றி வகுபடும். கடைசி இலக்கத்தை ஐந்தால் பெருக்கி, மிச்ச எண்ணில் கழித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்: 10392 − 5 = 10387; 1038 − 35 = 1003; 100 − 15 = 85. இது 17-ன் ஐந்து மடங்கு. சரி, ஈவு 6113. இதுதான் பகா எண். 79-ன் வர்க்கமே 6241 என்பதால் 73 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதை அவளே செய்யட்டும், அதில்தான் ருசி.

ஆக, 2 × 3 × 17 × 6113. மொத்தம் 16 காரணிகள். அப்புறம், அந்த எண்ணைத் தவிர்த்து மற்ற காரணிகளைக் கூட்டினால் 697098, எண்ணைவிடவே அதிகம்! 6-ஐவிடப் பெரிய அதன் மடங்குகள் எல்லாமே இப்படித்தான். செயல்திட்டத்தில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.